புள்ளி கோடாகும் இடம்

கேமரா விளம்பரங்களில் மெகாபிக்சல் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இடம்பிடித்துப் பல ஆண்டுகளாகின்றன. கை நடுக்கத்தை இத்தனை ‘ஸ்டாப்’ வரை அடக்கும் என்று சொல்லும் எண் அது. ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கலாம் என்று பொருள். நான்கு ஸ்டாப் என்றால் 16 மடங்கு, ஐந்து என்றால் 32, எட்டு என்றால் 256. எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கென வந்த முதல் நடுக்கத் தடுப்பு லென்ஸ், 1995-ல் கேனான் வெளியிட்ட 75-300 மி.மீ. ஐ.எஸ். அது உரிமை கொண்டாடியது சுமார் இரண்டு ஸ்டாப். அதே நிறுவனம் 2020-ல் தன் ஆர்5 கேமராவுக்குச் சொன்னது எட்டு வரை. கால் நூற்றாண்டில் நான்கு மடங்கு 256 மடங்காகிவிட்டது. இந்த எண்கள் பொய் என்று வாதாட நான் வரவில்லை, அளந்துதான் அச்சிடுகிறார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு வேண்டியது வேறொரு கணக்கு. என் கையில், இந்த லென்ஸில், இந்த ஷட்டர் வேகத்தில் இருபது படம் எடுத்தால் எத்தனை தேறும்? இதற்கான விடை எந்தப் பெட்டியிலும் இல்லை. படத்தின் கூர்மையைச் சோதிக்கிறோம் என்று நம்மில் பலர் செய்வதும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, ‘ஷார்ப்பா இருக்கு’ என்று முடித்துவிடுகிறோம். கையில் பிடித்து எடுக்கும் படத்தின் கூர்மையை ஒரு படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, எண்ணித்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம்.

பெட்டியில் உள்ள எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். கேமரா தயாரிப்பாளர்களின் ஜப்பானிய சங்கமான சீபா 2012-ல் இதற்கென ஓர் அளவு முறையை வகுத்தது. கேமராவை அதிர்வு மேசை ஒன்றில் பொருத்துகிறார்கள். மனிதக் கைகளின் நடுக்கத்தைப் பதிவுசெய்து அதிலிருந்து உருவாக்கிய அலைவடிவத்தின்படி அந்த மேசை ஆடுகிறது. கனமான கேமராவுக்கு ஓர் அலைவடிவம், இலகுவானதற்கு வேறொன்று. தடுப்பு இயங்கும்போதும் இயங்காதபோதும் சோதனை அட்டையைப் படமெடுத்து, கலக்கம் எவ்வளவு என்று அளந்து, வித்தியாசத்தை ஸ்டாப் கணக்கில் சொல்கிறார்கள். நேர்மையான முறைதான். இது இல்லாத காலத்தில் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னதை நினைத்தால் வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால் அந்த மேசைக்கு மூச்சு வாங்காது. மூன்று மாடி ஏறி வந்திருக்காது, காலையில் இரண்டு டம்ளர் காபி குடித்திருக்காது. மேலும், 2012-ன் முறை மேலும் கீழும் ஆட்டம், இடமும் வலமும் திரும்பல் என்ற இரண்டு அசைவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. ஷட்டர் பொத்தானை விரல் அழுத்தும்போது கேமரா சக்கரம்போல் லேசாகச் சுழலுமே, அந்த மூன்றாவது அசைவு 2024-ன் திருத்தத்தில்தான் சேர்ந்தது. திருத்தம் வந்த பிறகு கேனான் தன் ஆர்1 கேமராவுக்கு நடுவில் 8.5, ஓரத்தில் 7.5 என்று இரண்டு எண்களைச் சொல்லத் தொடங்கியது. படத்தின் நடுவுக்கு ஒரு கணக்கு, ஓரத்துக்கு ஒரு கணக்கு என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட பின், ஒற்றை எண்ணை வைத்துக் கடையில் பேரம் பேசுவது எப்படிப் பொருந்தும்?

மேசையை விட்டுக் கைக்கு வருவோம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கலை. நூறு மீட்டர் தொலைவில் அது மூன்று சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஷட்டர் திறந்திருக்கும்போது கேமரா இவ்வளவு திரும்பினால் பிடித்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. 50 மி.மீ. லென்ஸில் அதனால் சென்சார் மீது பிம்பம் நகரும் தூரம் சுமார் 14.5 மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். 2017-ல் வந்த நிக்கான் டி850-ல் ஒரு பிக்சலின் அகலம் 4.35 மைக்ரான். ஆக, உணர முடியாத அந்தத் திரும்பலுக்குப் பிம்பம் மூன்று பிக்சலைத் தாண்டி இழுபட்டுவிடும். லென்ஸ் 200 மி.மீ. என்றால் பதின்மூன்று பிக்சல். இதே நிறுவனம் முழுக்கத் தானே உருவாக்கிய முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரான டி1, 1999-ல் வந்தபோது அதன் பிக்சல் ஏறத்தாழ 12 மைக்ரான் அகலம். அன்று 50 மி.மீ. லென்ஸில் அதே ஆட்டம் ஒரு பிக்சலைச் சற்றே தாண்டியிருக்கும். இன்று கை அதிகமாக நடுங்குகிறது என்பதல்ல விஷயம். நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி நுணுக்கமாகிவிட்டது. புதுக் கேமரா வாங்கியவர்கள் ‘பழையதுதான் நல்லாயிருந்தது, இதுல எல்லாமே ஷேக்’ என்று புலம்புவதில் பாதிக்கு இதுதான் காரணம்.

லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, ஒரு விநாடியில் அத்தனையில் ஒரு பங்காக ஷட்டர் வேகம் இருக்கட்டும் என்பது ஃபிலிம் காலத்துப் பாடம். 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 விநாடி. அந்தக் காலத்தில் 35 மி.மீ. ஃபிலிமில் 30 மைக்ரான் கலக்கம் வரை கூர்மை என்றே ஏற்றுக்கொண்டார்கள். நடுத்தர அளவில் அச்சிட்டுக் கைநீட்டுத் தூரத்தில் பார்ப்பதற்கு அது போதும். டி850-ல் அந்த 30 மைக்ரான் ஏழு பிக்சல். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவர் ஏழு பிக்சல் இழுபட்ட படத்தைக் கூர்மை என்று சொல்ல மாட்டார். ஸ்டாப் கணக்கின் தொடக்கப் புள்ளியே இப்படி ஆளுக்கு ஆள், பார்க்கும் அளவுக்கு அளவு மாறுகிறது. 1/200-லிருந்து நான்கு ஸ்டாப் இறங்கினால் ஏறக்குறைய 1/13. ஆனால் தடுப்பு இல்லாமலே உங்கள் கைக்கு 1/400 தேவைப்படுமானால், அதே நான்கு ஸ்டாப் உங்களை 1/25 வரைதான் கொண்டுபோகும். பெட்டி சொன்னதும் சரி, நீங்கள் ஏமாந்ததும் சரி.

இதோடு பிரதிக்குப் பிரதி உள்ள வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் லென்ஸ்ரென்டல்ஸ் என்னும் வாடகை நிறுவனத்தில் ரோஜர் சிகாலா ஒரே வகை லென்ஸின் பல பிரதிகளை ஒளியியல் கருவியில் அளந்து முடிவுகளை வெளியிட்டுவந்தார். ஒரே ஆலையில், ஒரே பெயரில் வந்தவை. அளவுகள் மட்டும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் இடப்பக்கம் சற்று மங்கல், இன்னொன்றில் மேல்மூலை. புதிய லென்ஸ்களிலேயே இப்படி என்றால், இன்று எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பெரும்பாலும் கைமாறுகிற பழைய பொருள்களாகவே விற்பனையாகின்றன என்பதையும் நினைக்க வேண்டும். கேனானும் நிக்கானும் கண்ணாடி இல்லாத, அதாவது மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டன. கல்யாணப் படக்காரர் பத்து வருடம் உழைத்துவிட்டு விற்கும் எஸ்.எல்.ஆரையும் லென்ஸையும் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் வாங்குகிறார்கள், நல்ல வழிதான். ஆனால் இந்த இரு நிறுவனங்களின் எஸ்.எல்.ஆர்களிலும் நடுக்கத் தடுப்பு கேமராவுக்குள் இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. திரும்பலை உணரும் கைரோ உணரிகளின் சொல்படி, மின்காந்தங்களால் நகர்த்தப்படும் ஒரு மிதக்கும் கண்ணாடித் தொகுதி அது. ஒருமுறை கீழே விழுந்திருந்தால் அதன் மையம் விலகியிருக்கலாம். பத்தாண்டுக்கு முன் ஆய்வுக்கூடத்தில் வேறொரு பிரதிக்குக் கிடைத்த நான்கு ஸ்டாப், இன்று உங்கள் கையில் உள்ள பிரதிக்கு எந்த உத்தரவாதமும் தராது.

ஆகவே சோதித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு விலையுயர்ந்த அட்டை வேண்டுமா? ஐ.எஸ்.ஓ. 12233 என்ற சர்வதேசத் தரநிலை சாய்ந்த விளிம்பு ஒன்றைப் படமெடுத்து, கருப்பு வெள்ளையாக மாற எத்தனை பிக்சல் எடுத்துக்கொள்கிறது என்று கணக்கிடச் சொல்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அது சரி. வீட்டுக்கு நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாளே போதும். சொல்லப்போனால் தமிழ் நாளிதழ் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது, ஏனென்றால் நம் எழுத்தில் புள்ளி இருக்கிறது. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் அந்தச் சிறு வட்டம், கலக்கத்தின் காரணத்தையே எழுதிக்காட்டிவிடும். கை ஆடியிருந்தால் புள்ளி ஆடிய திசையில் நீண்டு கோடாகும். ஃபோகஸ் தவறியிருந்தால் எல்லாத் திசையிலும் சமமாக ஊதி, ஓரம் கரைந்த வட்டமாகும். லென்ஸின் மையம் விலகியிருந்தால் பக்கத்தின் ஒரு மூலையில் மட்டும் புள்ளிகள் வால் முளைத்து நிற்கும், எதிர்மூலையில் சரியாக இருக்கும். ணகரத்தின் சுழிகளையும் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் நின்ற கோடுகள் தடித்து, படுத்த கோடுகள் மெலிதாகவே இருக்கும். சுழியின் உட்கண் இடமும் வலமும் அடைபடும். கலக்கம் என்றாலே கை நடுக்கம் என்பதும், கை நடுக்கம் என்றாலே லென்ஸைக் குறைசொல்வதும் நம் வழக்கமாகிவிட்டது. எஸ்.எல்.ஆரில் ஃபோகஸைப் பார்க்கும் உணரி ஒரு தனிப் பாதையில் இருக்கிறது, படம் பதிவாகும் சென்சார் இன்னொரு பாதையில் இருக்கிறது. இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம் வந்தாலே ஃபோகஸ் முன்னால் அல்லது பின்னால் போய்விழும். 2007 முதல் உயர்ரகக் கேமராக்களில் இதைச் சரிசெய்ய மெனுவிலேயே வசதி வைத்தார்கள். குற்றவாளி யார் என்று தெரியாமல் தண்டனை கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் புள்ளியைப் பார்க்கச் சொல்கிறேன்.

தாளைச் சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டிவிட்டு, முதலில் ட்ரைபாடில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். அப்பர்ச்சர் 5.6 அல்லது 8, குறைந்த ஐ.எஸ்.ஓ., கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ், இரண்டு விநாடி டைமர், கண்ணாடி முன்கூட்டியே மடங்கியிருக்கட்டும், நடுக்கத் தடுப்பு அணைந்திருக்கட்டும். இந்த லென்ஸால் அதிகபட்சம் எட்டக்கூடிய கூர்மை இதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் உரைகல். தடுப்பை ஏன் அணைக்க வேண்டும்? பழைய லென்ஸ்கள் பலவற்றில் ஆட்டமே இல்லாதபோது உணரிகள் தங்கள் சொந்தத் தடுமாற்றத்தையே ஆட்டமென்று எடுத்துக்கொண்டு லென்ஸுக்குள் மிதக்கும் தொகுதியை நகர்த்திவிடும். காவலுக்கு வைத்தவரே கலவரம் செய்வதுபோல. கண்ணாடியை மடக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எஸ்.எல்.ஆரின் கண்ணாடி எழும்பி மேலே மோதும் அதிர்ச்சி, ஷட்டர் மிகக் குறுகிய நேரமே திறந்திருக்கும் 1/500-ல் பெரிதாகத் தெரியாது. சீக்கிரம் அடங்கிவிடுவதால், பல விநாடி திறந்திருக்கும் படத்திலும் கரைந்துபோகும். இடையில், 1/8 முதல் 1/60 வரையான பகுதியில்தான் அது கடிக்கும். நடுக்கத் தடுப்பை நம்பி நாம் இறங்கும் வேகங்களும் இவையேதான். கேனான் தன் 5டிஎஸ் கேமராவில் 2015-ல் 50 மெகாபிக்சலுக்குப் போனபோது, கண்ணாடியை ஸ்பிரிங்கால் விசிறாமல் மோட்டாரும் கேமும் கொண்டு நிதானமாக நகர்த்தும் ஏற்பாட்டைச் செய்தது இதற்காகத்தான்.

பிறகு கையில் எடுத்துக்கொண்டு, குவியத் தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு தள்ளி நிற்க வேண்டும். 50 மி.மீ. என்றால் இரண்டரை மீட்டர், 200 மி.மீ. என்றால் பத்து மீட்டர். ஒரே ஷட்டர் வேகத்தில், ஒரே அப்பர்ச்சரில், தடுப்பை இயக்கி இருபது, அணைத்து இருபது. முதல் இருபதையும் அணைத்து எடுத்துவிட்டுப் பிறகு இயக்கினால், களைத்துப்போன கையின் பழி தடுப்பின்மேல் விழும். அதனால் ஐந்து இப்படி, ஐந்து அப்படி என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தி, கண்ணாடித் தொகுதி நிலைகொள்ள ஒரு விநாடி கொடுக்க வேண்டும். இந்த ஒரு விநாடியைக் கொடுக்காமல் தடுப்பைத் திட்டுகிறவர்கள் ஏராளம். எடுத்து முடித்ததும் எது எந்த வகை என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து, புள்ளி புள்ளியாகவே இருப்பவற்றை எண்ணச் சொல்ல வேண்டும். வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் போதும். ஆயிரக்கணக்கில் பணம் போட்டவரின் கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும். பிள்ளையின் கண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. இருபதில் பதினெட்டு, ஐந்து என்று வந்தால் விஷயம் தெளிவு. பன்னிரண்டு, ஒன்பது என்று வந்தால் எதையும் சொல்லிவிட முடியாது. நாணயத்தைச் சுண்டினாலும் அப்படி வரும். ஒரு படம் எடுத்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது எவ்வளவு ஆபத்து என்று இங்கே விளங்கும். தடுப்பே இல்லாமல் 200 மி.மீ.யில் 1/25-லும் இருபதில் ஒன்றோ இரண்டோ கூர்மையாக விழத்தான் செய்யும், ஏனென்றால் கை ஒரு பக்கம் போய்த் திரும்புகிற கணத்தில் ஒரு நொடித்துளி நிற்கிறது. அந்த ஒன்றைத்தான் பலர் ‘1/25-ல் கையில் பிடித்து எடுத்தது’ என்று பகிர்ந்து பெருமைப்படுகிறார்கள். விளம்பரத்துக்கும் அதுதான் போகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. இவற்றையெல்லாம் வல்லுநர்கள் சோதித்து எழுதிவிடுகிறார்களே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது ஒன்று. அவர்கள் சோதிப்பது அவர்கள் கையில் உள்ள பிரதியை, அவர்கள் கையாலேயே. லென்ஸ் எந்த அளவுக்குக் கூர்மை தரக்கூடியது என்பதற்கு அவர்கள் சொல்வதை நம்பலாம், நம்பவும் வேண்டும். நடுக்கம் மட்டும் பிறர் சொல்லித் தெரிந்துகொள்கிற சங்கதி இல்லை. செருப்புக்கு அளவு பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர் காலை அனுப்புவோமா? வீட்டுச் சோதனை அறிவியல்பூர்வமானதா என்பது அடுத்தது. வேறொருவர் முடிவோடு ஒப்பிட அது உதவாதுதான். ஆனால் ஒரே சுவர், ஒரே வெளிச்சம், ஒரே கை என்று எல்லாவற்றையும் நிறுத்திவைத்து ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். நமக்கு வேண்டிய ஒப்பீட்டுக்கு இதற்குமேல் கருவி தேவையில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. கூர்மை ஒரு வெறி, பிக்சலை எண்ணுகிறவன் படம் எடுக்க மறந்துவிடுவான் என்கிறார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் ராபர்ட் காப்பா எடுத்த படங்கள் கலங்கியவை, ஆனாலும் அந்த நாளை உலகம் நினைவுகூர்வது அவற்றைக் கொண்டுதான் என்பதை எடுத்துக்காட்டுவார்கள். மறுக்கவே மாட்டேன். கூர்மையான மோசமான படங்கள் உலகத்தில் குவிந்துகிடக்கின்றன. ஆனால் கூர்மை வேண்டாம் என்று முடிவெடுப்பது ஒன்று, இருக்கிறதென்று நம்பி இல்லாமல் போவது வேறொன்று. தடுப்பு உள்ள லென்ஸுக்கு அது இல்லாத லென்ஸைவிடக் கூடுதல் விலை கொடுத்தவர், அதைக் கலையின் பெயரால் மன்னித்துவிட வேண்டியதில்லை. தவிர, சோதித்தவர்தான் இந்த வெறியிலிருந்து சீக்கிரம் விடுபடுகிறார். தன் கை 1/50 வரை தாங்கும், 1/13-ல் மூன்றில் ஒன்றுதான் தேறும் என்று தெரிந்தவர் 1/13-ல் நான்கைந்து படம் சேர்த்து எடுத்துவிட்டு முகத்தைப் பார்க்கப் போய்விடுவார். தெரியாதவர்தான் ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து திரையைப் பெரிதாக்கிக்கொண்டிருப்பார்.

மென்பொருள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்போன்கள் கை நடுக்கத்தை வெல்வது, குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதால். அதாவது ஆரம்பத்திலேயே ஒவ்வொன்றும் கூர்மையாக இருப்பதால். இழுபட்ட ஒற்றைப் படத்திலிருந்து தொலைந்த விவரத்தை மென்பொருள் ஊகிக்கலாமே தவிர, மீட்க முடியாது. புள்ளி இருந்ததா, துணைக்கால் இருந்ததா என்பதை ஊகத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னோர் எல்லை எந்தத் தொழில்நுட்பத்தாலும் தாண்ட முடியாதது. நடுக்கத் தடுப்பு எடுப்பவர் கையை நிறுத்தும், எதிரில் இருப்பவரை நிறுத்தாது. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் 1/8 விநாடியில் தூணும் தோரணமும் கல்லில் செதுக்கியதுபோல் நிற்கும். தாலி கட்டும் கை புகையாக இழுபடும். சுவரில் ஒட்டிய தாளுக்கு ஐந்து ஸ்டாப் கொடுக்கும் லென்ஸ், கச்சேரியில் தாளம் போடும் கைக்குக் கொடுப்பது பூஜ்யம். ஒலிம்பஸ் பொறியாளர் ஒருவர் 2016-ல் ஒரு பேட்டியில், பூமியே சுழல்வது கைரோ உணரிகளைக் குழப்புவதால் 6.5 ஸ்டாப்புக்குமேல் போவது அப்போதைக்குக் கடினம் என்று சொன்னார். அந்த வேலியையும் பின்னர் தாண்டிவிட்டார்கள். பூமியின் சுழற்சியைச் சமாளித்த தொழில்நுட்பத்துக்கு, அட்சதையை உதறிக்கொண்டு தலையைத் திருப்பும் மாப்பிள்ளையைச் சமாளிக்க வழியில்லை. அங்கே கேட்க வேண்டியது கூடுதல் ஸ்டாப் அல்ல, கூடுதல் வெளிச்சமோ திறந்த அப்பர்ச்சரோதான்.

தயாரிப்பாளர்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. எந்த லென்ஸில், எந்தக் குவியத் தூரத்தில் அந்த எண் கிடைத்தது என்பதை இப்போதும் தெரிவிக்கிறார்கள், ஆனால் அடிக்குறிப்பின் பொடி எழுத்தில். எண் எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவிலேயே நிபந்தனையும் இருக்கட்டும். மனிதக் கைகளில் கொடுத்து, வேகத்துக்கு வேகம் நூறில் எத்தனை படம் தேறியது என்ற அட்டவணையையும் வெளியிடலாம். அதிர்வு மேசை வாங்கும் நிறுவனத்துக்கு இது ஒரு செலவே இல்லை. அதுவரை பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர் இந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். கடைக்காரர் பத்து நிமிடம் தருவார். 200 மி.மீ., 1/25, இருபது அணைத்து, இருபது இயக்கி: நாற்பது படங்களுக்கு மூன்று நிமிடம் ஆகும். புள்ளிகளை எண்ண மிச்சம் ஏழு நிமிடம் தாராளம்.